ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு பாட்காஸ்ட்

கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு மூன்று மாதங்கள் ஆகியிருக்கும். மெயில் பார்க்கத் தெரிந்துவிட்டது. கடிதம் டைப் செய்து பிரிண்ட் எடுக்கவும் வந்துவிட்டது. பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுகிறார்கள். இதற்கு மேல் இதை வைத்து என்ன செய்வது என்று கேட்பவர்கள் பலர். அவர்களுக்கு நான் சொல்லும் பதில்களில் ஒன்று பாட்காஸ்ட். உங்கள் குரலையோ, உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரின் குரலையோ பதிவு செய்து, உலகில் எங்கிருந்தும் யாரும் கேட்கும்படி இண்டர்நெட்டில் வைக்கும் முறை இது. இதற்கு ஸ்டூடியோ தேவையில்லை. பெரிய செலவும் இல்லை. ஆனால் செலவில்லாத சில விஷயங்களில் கவனமாக இல்லாவிட்டால் எல்லாம் வீணாகிவிடும். ஆரணியை அடுத்த திருமலையில் என் பெரியப்பாவைப் பேட்டி எடுக்கப் போய் நான் பட்ட பாட்டை வைத்தே இதை விளக்குகிறேன்.

பாட்காஸ்ட் என்பது என்ன?

ரேடியோ என்றால் நிகழ்ச்சி ஒலிபரப்பாகும் நேரத்தில் பெட்டிக்கு முன்னால் இருக்க வேண்டும். பாட்காஸ்ட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. அது ஒரு சாதாரண ஆடியோ பைல்தான். அதோடு ஆர்.எஸ்.எஸ். ஃபீட் என்ற ஒரு சின்ன ஏற்பாடும் சேர்ந்திருக்கும். ரேஷன் கடை வாசலில் 'இன்று சர்க்கரை, பாமாயில் வந்துள்ளது' என்று பலகையில் எழுதி வைப்பார்கள் அல்லவா? ஃபீட் அந்தப் பலகை மாதிரி. கேட்பவரின் போனில் உள்ள பாட்காஸ்ட் ஆப், அவ்வப்போது போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வரும். புதிய பைல் இருந்தால் எடுத்து வந்து கொடுக்கும். கேட்பவர் பஸ்ஸில் போகும்போதோ சமைக்கும்போதோ தனக்கு வசதியான நேரத்தில் கேட்டுக்கொள்வார்.

ஐபாட், பிராட்காஸ்ட் என்ற இரண்டு சொற்களை ஒட்டவைத்து உண்டான பெயர் இது. பிரிட்டனின் கார்டியன் நாளிதழில் 2004 பிப்ரவரியில் பென் ஹேமர்ஸ்லி என்பவர் எழுதிய கட்டுரையில் இந்தச் சொல் வந்தது. 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸ் சாப்ட்வேரில் பாட்காஸ்ட்டைச் சேர்த்த பிறகு ஊரெல்லாம் பரவியது. ஐபாட் விற்பனை 2022-ல் நின்றே போய்விட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

நம் ஊரில் இதற்குச் சமமான முயற்சி என்றால் சமுதாய வானொலியைச் சொல்லலாம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கியது. ஆனால் வானொலி என்றால் மத்திய அரசின் உரிமம் வேண்டும், டிரான்ஸ்மிட்டர் வேண்டும், உயரமான ஆன்டெனா வேண்டும். தனி மனிதருக்கு அந்த உரிமம் கிடையாது. பாட்காஸ்ட்டுக்கு இந்த உரிமமோ டிரான்ஸ்மிட்டரோ தேவையில்லை. தமிழ் நாவல்களையும் சிறுகதைகளையும் வாசித்துத் தரும் தீபிகா அருணின் 'கதை ஓசை'யைக் கேட்டிருந்தால், ஒரே ஒருவரின் குரல் எவ்வளவு தூரம் போக முடியும் என்பது தெரிந்திருக்கும்.

எதை வாங்க வேண்டும், எதை வாங்க வேண்டாம்?

கடைக்குப் போனால் கண்டென்சர் மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், மிக்ஸர், ஸ்டாண்ட் என்று வரிசையாக எடுத்து வைப்பார்கள். முதல் பத்து எபிசோடு முடியும் வரை இவற்றில் எதுவும் வேண்டாம். நல்ல கண்டென்சர் மைக் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுவதையும் பதிவு செய்யும். சரியான அறை இல்லாதவர்களுக்கு அது வரவா செலவா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் ஏற்கெனவே ஸ்மார்ட்போன் இருக்கும். அதுதான் உங்கள் ரெகார்டர். கூடவே சட்டையில் கிளிப் போட்டு மாட்டும் ஒயர் உள்ள காலர் மைக் ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. வாங்கும்போது அதன் பின்னைக் கவனியுங்கள். பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் அது போனுக்கானது. இரண்டு வளையங்கள் மட்டும் இருந்தால் கேமராவுக்கானது; அதைப் போனில் நேராகச் செருகினால் போன் அதை மைக்காக எடுத்துக்கொள்ளாது. தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும், நாமும் காலர் மைக்கில்தான் பதிவாகிறது என்று நம்பிக்கொண்டிருப்போம். பதிவு தொடங்கும் முன் காலர் மைக்கை நகத்தால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஆப்பில் அளவுக் கோடு துள்ளினால் சரி. வட்டமான பழைய ஹெட்போன் ஓட்டை இல்லாத போன் என்றால் டைப்-சி பின் உள்ள மைக்கோ, அதற்கான அடாப்டரோ தேவை.

கம்ப்யூட்டரிலேயே நேராகப் பதிவு செய்யக் கூடாதா என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் லேப்டாப்பின் ஃபேன் சத்தமும், சார்ஜரைச் செருகியிருந்தால் சில சமயம் 'ம்ம்ம்' என்ற மெல்லிய இரைச்சலும் பதிவில் ஏறிவிடும். போனில் பதிவு செய்து, பைலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, அங்கே எடிட் செய்வதே என் சிபாரிசு. பதிவுக்கு முன் போனை ஏரோப்ளேன் மோடில் போட மறக்காதீர்கள். பேட்டி சூடு பிடிக்கும் நேரத்தில்தான் லோன் வேண்டுமா என்று யாராவது கூப்பிடுவார்கள்.

எடிட் செய்ய ஆடாசிட்டி என்ற சாப்ட்வேர் போதும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2000-ல் வெளியானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் இயங்கும், இலவசம். ஆடாசிட்டிடீம் டாட் ஆர்க் என்ற தளத்திலிருந்து மட்டும் டவுண்லோட் செய்யுங்கள். அதே பெயரில் வேறு எதையாவது தலையில் கட்டும் தளங்கள் இருக்கின்றன.

நான் செய்த தவறு

என் பெரியப்பா குழித்தறியில் பட்டுச் சேலை நெய்தவர். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சேலைகள் ஆரணி ஊருக்குள் மட்டும் நெய்யப்படுவதில்லை, சுற்றுக் கிராமங்களிலும் தறிகள் உண்டு. பாவு போடுவது, ஊடை கோப்பது, கோர்வையில் உடலும் பார்டரும் சேரும் இடம், ஜரிகை அறுந்தால் முடிச்சுப் போடும் விதம் என்று அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். இதை அப்படியே ஒரு பாட்காஸ்ட் ஆக்கலாம் என்று தோன்றியது.

அவர் நெய்துகொண்டே பேசட்டும், அப்போதுதான் இயல்பாக இருக்கும் என்று நினைத்தேன். போனைத் தறி மேடையிலேயே வைத்தேன். ஒரு மணி நேரம் பதிவு செய்தேன். அறைக்குள் உட்கார்ந்து கேட்டபோது எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேட்டால், ஒவ்வொரு வாக்கியத்தின் நடுவிலும் தறி அடிக்கும் 'டக்'. முக்கியமான சொல் எது என்று பார்த்து அதன் மேலேயே விழுந்த மாதிரி இருந்தது.

நம் காதும் மூளையும் சேர்ந்து வேண்டாத சத்தத்தை ஒதுக்கிவிடும். மைக்குக்கு அந்த வித்தை தெரியாது. அதனால் பதிவு செய்யும்போதே ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். அந்த வசதி உங்கள் போனில் இல்லாவிட்டால், முதல் ஒரு நிமிடம் பதிவு செய்து, நிறுத்தி, கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

சாப்ட்வேரில் சத்தத்தை எடுத்துவிடலாமே என்பீர்கள். நானும் அதை நம்பித்தான் இருந்தேன். ஆடாசிட்டியில் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ற வசதி உண்டு. மின்விசிறி, ஏ.சி., கரண்ட் இரைச்சல் போல ஒரே மாதிரி தொடர்ந்து வரும் சத்தங்களுக்கு அது நன்றாக வேலை செய்யும். தறியின் அடி அப்படிப்பட்டதல்ல. அது திடீரென்று வந்து போகும் சத்தம். பேச்சில் இருக்கும் அதே அதிர்வெண்கள் அதிலும் கலந்திருக்கும். சல்லடையில் அரிசியைச் சலித்தால் தூசு போகும். அரிசி அளவிலேயே இருக்கும் கல் போகாது, கையால்தான் பொறுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கல்! இப்போது ஏ.ஐ. முறையில் குரலைத் தனியாகப் பிரிக்கும் சேவைகள் வந்துவிட்டன. முயன்று பார்த்தேன். சத்தம் குறைந்தது உண்மைதான், ஆனால் பெரியப்பாவின் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிட்டது.

மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நாலு மாதம் கழித்து லீவில் போனபோது தறியைப் பிரித்து விற்றிருந்தார்கள். முழங்கால் வலியோடு குழியில் இறங்கி ஏற முடியவில்லை என்றார். பேச்சை மறுபடி பதிவு செய்தேன். தறியை?

ஆகவே விதி இதுதான்: பேச்சைத் தனியாகப் பதிவு செய்யுங்கள், பின்னணிச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். தறியாக இருந்தாலும், கோயில் மணியாக இருந்தாலும், வாரச் சந்தையாக இருந்தாலும் யாரும் பேசாமல் இரண்டு நிமிடம் எடுத்து வையுங்கள். பிறகு ஆடாசிட்டியில் இரண்டையும் தனித்தனி டிராக்கில் வைத்து, பின்னணியின் அளவைக் குறைத்துச் சேர்க்கலாம். பிரித்த பைல்களைச் சேர்ப்பது இரண்டு நிமிட வேலை. சேர்ந்த பைலைப் பிரிப்பது யாராலும் ஆகாது. கெட்டுப்போன பதிவு என்று எதையும் டெலீட் செய்யாதீர்கள். என் ஒரு மணி நேரப் பதிவில், பெரியப்பா தண்ணீர் குடித்துவிட்டுப் பேசாமல் நெய்த 40 விநாடி கிடைத்தது. அந்தத் தறியின் சத்தம் என்று இன்று மிச்சம் இருப்பது அதுதான்.

அறையும் தூரமும்

இரண்டாவது பதிவுக்கு வீட்டின் முன் அறையை எடுத்துக்கொண்டேன். சிமென்ட் தரை, வெறும் சுவர். நடுவில் நின்று ஒரு முறை கை தட்டினேன், 'டங்' என்று திரும்பி வந்தது. இந்தக் கைதட்டல் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். எதிரொலி வரும் அறையில் எந்த மைக் வைத்தாலும் கிணற்றுக்குள் பேசுவது போலத்தான் இருக்கும்.

எதிரொலியைக் குடிப்பது துணி. ஸ்டூடியோவில் சுவரெல்லாம் ஃபோம் ஒட்டுவதும் இதற்காகத்தான். நம் வீடுகளில் பாய், மெத்தை, தலையணை, போர்வை எல்லாம் இருக்கின்றன. பேசுபவரின் எதிரில் கொடி கட்டி இரண்டு கனமான போர்வைகளைத் தொங்கவிடுங்கள். பீரோவின் இரண்டு கதவுகளையும் திறந்து, உள்ளே மடித்து வைத்த துணிகளைப் பார்த்து உட்கார்ந்து பேசினாலும் சரி. சேலைக் கடைக்காரர் யாராவது தெரிந்தவர் இருந்தால், கடை மூடிய பிறகு சரக்கு அறையில் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். சேலைகளை மேல்கூரை வரை அடுக்கிய அறை காசு கொடுத்தாலும் கிடைக்காத ஸ்டூடியோ.

அடுத்தது தூரம். மைக்கிலிருந்து வாய் எவ்வளவு தூரம் என்பது மைக்கின் விலையைவிட முக்கியம். தூரம் இரண்டு மடங்கானால் குரலின் அளவு சுமார் 6 டெசிபல் குறைகிறது. ஆனால் அறையின் எதிரொலி அப்படிக் குறைவதில்லை. தள்ளிப் போகப் போக அறைதான் பெரிதாகக் கேட்கும். வாயிலிருந்து ஒரு சாண் தூரம் சரியான கணக்கு. காலர் மைக் என்றால் சட்டையின் இரண்டாவது பட்டன் பக்கம் மாட்டுங்கள். பெரியப்பா தோளில் துண்டு மட்டும் போட்டிருந்தார். துண்டில் மாட்டினேன். அவர் கையை ஆட்டிப் பேசும்போதெல்லாம் 'சரக் சரக்' என்று கேட்டது. பனியன் போட வைத்து அதில் மாட்டிய பிறகுதான் சரியானது.

'ப' என்ற எழுத்தில் தொடங்கும் சொற்களில் உதட்டிலிருந்து காற்று குபீரென்று வந்து மைக்கில் மோதும். பட்டு, பாவு, பார்டர் என்று எங்கள் பேட்டியில் பாதிச் சொற்கள் அந்த வகை! மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். பிரிட்ஜ் பக்கத்தில் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். முடிந்ததும் பிரிட்ஜை மறுபடி போட மறந்துவிடுவோம். அதனால் வீட்டுச் சாவியையோ பைக் சாவியையோ பிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். கிளம்பும்போது ஞாபகம் வந்துவிடும். நான் எடுத்ததிலேயே சுத்தமான பதிவு, கரண்ட் போன அரை மணி நேரத்தில் எடுத்தது. தெருவில் இருந்த எல்லா மோட்டாரும் நின்றுவிட்டது.

என்ன பேசுவது?

இரண்டாவது எபிசோடுக்கு ஊர் மலையை எடுத்துக்கொண்டோம். திருமலை சமணர்களின் தலம். மலையில் சுமார் 16 மீட்டர் உயரத்தில் நேமிநாதர் சிற்பம் இருக்கிறது. ராஜராஜ சோழனின் அக்காள் குந்தவையின் பெயரால் அமைந்த குந்தவை ஜினாலயம் இருக்கிறது. முதலாம் ராஜேந்திர சோழனின் வெற்றிகளைப் பட்டியல் போடும் கல்வெட்டும் இங்கேதான் இருக்கிறது. பேசுவதற்குக் குறையே இல்லை என்று எல்லாவற்றையும் எழுதி வைத்து வாசித்தேன். திரும்பக் கேட்டால் எனக்கே தூக்கம் வந்தது.

படிக்கும்போது கண் பின்னால் போய் மறுபடி பார்க்கும். காது அப்படிச் செய்யாது. கல்வெட்டில் வரும் நாடுகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னால் மூன்றாவது பெயரில் கேட்பவர் வேறு யோசனைக்குப் போய்விடுவார். ஒரே ஒரு பெயரை எடுத்து, அங்கே போன ராஜாவின் வெற்றியை இந்தச் சின்ன மலையில் ஏன் வெட்டி வைத்தார்கள் என்று கேள்வி போட்டால் காது நிமிரும். முழு வாக்கியங்களாக எழுதி வாசிக்காமல் ஒரு தாளில் ஐந்தாறு குறிப்புகள் மட்டும் எழுதிக்கொண்டு, எதிரில் ஒருவரை உட்கார வைத்து அவருக்குச் சொல்லுங்கள். சின்னம்மா மகனை உட்கார வைத்தேன். அவன் கொட்டாவி விட்ட இடங்களை எல்லாம் வெட்டினேன்.

மலை மேல் பதிவு செய்யப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காற்று மைக்கில் மோதும் 'புஸ்' சத்தத்தை எந்த சாப்ட்வேராலும் முழுதாக எடுக்க முடியாது. மைக்கோடு வரும் பஞ்சுத் தொப்பியைப் போட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பேசுங்கள்.

ஆடாசிட்டியில் எடிட் செய்வது

போனை யு.எஸ்.பி. ஒயரில் கம்ப்யூட்டரோடு இணைத்து, போனில் 'பைல் டிரான்ஸ்பர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், பதிவு செய்த பைலை ஒரு போல்டருக்குக் காப்பி செய்யலாம். பல போன்கள் எம்.4.ஏ. என்ற வகையில் பதிவு செய்யும். விண்டோஸில் ஆடாசிட்டி இதைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை சாப்ட்வேரை ஒருமுறை நிறுவ வேண்டும். ரெகார்டர் ஆப்பில் 'வேவ்' என்ற வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் இந்த வேலை மிச்சம்.

பைல் மெனுவில் இம்போர்ட் சென்று ஆடியோ என்பதைக் கிளிக் செய்து பைலைத் திறந்திடுங்கள். குரல் அலை அலையாகத் தெரியும். அலையின் உச்சிகள் கத்தியால் வெட்டியது போல் தட்டையாக இருந்தால் பதிவு அளவு அதிகமாகிவிட்டது என்று பொருள். அதை மீட்பது கடினம். அடுத்த முறை மைக்கைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

வேண்டாத பகுதியை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து டெலீட் கீயை அழுத்துங்கள், அவ்வளவுதான். தவறிவிட்டால் கண்ட்ரோல் இசட். எல்லா 'ம்...', 'அது வந்து' என்பதையும் வெட்டாதீர்கள். பெரியப்பா ஒரு கேள்விக்கு ஐந்து விநாடி பேசாமல் இருந்தார். முதலில் அதை வெட்டினேன். பிறகு கேட்டபோது, பதிலைவிட அந்த ஐந்து விநாடியில்தான் விஷயம் இருந்தது. மறுபடி சேர்த்தேன்.

அடுத்து இரைச்சல். யாரும் பேசாத இரண்டு மூன்று விநாடிகளைத் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் நாய்ஸ் ரிடக்‌ஷன் சென்று 'கெட் நாய்ஸ் புரொஃபைல்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். பிறகு கண்ட்ரோல் ஏ அழுத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, மறுபடி அதே இடத்துக்குப் போய், 6 முதல் 12 டெசிபல் வரை வைத்து ஓ.கே. கொடுத்திடுங்கள். பேராசைப்பட்டு இன்னும் கூட்டினால் குரல் தண்ணீருக்கடியில் போய்விடும். இதற்காகவே ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஐந்து விநாடி பேசாமல் இருங்கள்.

கடைசியாக, எஃபெக்ட் மெனுவில் லவுட்னஸ் நார்மலைசேஷன். அதில் மைனஸ் 23 என்று இருக்கலாம். மைனஸ் 16 என்று மாற்றுங்கள். ஆப்பிள் பரிந்துரைக்கும் அளவு இது. மோனோ பைலை இரண்டு காதுக்கும் கணக்கிடும் 'டூயல் மோனோ' என்ற பெட்டியில் டிக் இருக்கட்டும். இதைச் செய்யாவிட்டால், வேறொரு பாட்காஸ்ட் கேட்டுவிட்டு உங்களுடையதற்கு வருபவர் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். ஆடாசிட்டியின் பதிப்பு மாறும்போது மெனுக்கள் சற்று இடம் மாறும். பெயரைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் 'சேவ்' செய்வது. பைல் மெனுவில் சேவ் புராஜெக்ட் கொடுத்தால் ஏ.யு.பி.3 என்ற பைல் உண்டாகும். அது ஆடாசிட்டியில் மட்டுமே திறக்கும். நண்பருக்கு அனுப்பினால் அவரால் கேட்க முடியாது. ஒரு மணி நேர மோனோப் பதிவுக்கே 600 எம்.பி.க்கு மேல் இடம் பிடிக்கும். வெளியே அனுப்புவதற்கு எக்ஸ்போர்ட் ஆடியோ சென்று எம்.பி.3, மோனோ, 64 கே.பி.பி.எஸ். என்று தேர்ந்தெடுங்கள். பேச்சுக்கு இது தாராளம். 20 நிமிட எபிசோடு 10 எம்.பி.க்குள் அடங்கும். கிராமத்தில் நெட் இழுத்துக்கொண்டு வரும் இடத்திலும் டவுண்லோட் ஆகிவிடும்.

எங்கே வைப்பது?

பைலை வைக்கவும் ஃபீட் உண்டாக்கவும் இலவச சேவைகள் உள்ளன. அதிகம் பயன்படுவது ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ். ஆங்கர் என்ற பெயரில் தனியாக இருந்ததை 2019-ல் ஸ்பாட்டிஃபை வாங்கியது. மெயில் முகவரி கொடுத்துக் கணக்குத் தொடங்கி, பாட்காஸ்ட்டின் பெயர், மொழி, ஒரு சதுரப் படம் (3000-க்கு 3000 பிக்சல்), எபிசோடு பைல் ஆகியவற்றைக் கொடுத்தால் வேலை முடிந்தது. செட்டிங்ஸில் ஆர்.எஸ்.எஸ். முகவரியை எடுத்து ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ், யூடியூப் முதலியவற்றில் கொடுத்துவிட்டால் அங்கும் கேட்கும். தலைப்பை யூனிகோடு தமிழில் டைப் செய்யுங்கள். பழைய டி.டி.பி. எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் குதறிப்போட்டது போல் வரும்.

இலவசம் என்றால் என்றைக்கும் இருக்கும் என்று பொருளல்ல. கூகுள் பாட்காஸ்ட்ஸ் ஆப் 2024-ல் மூடப்பட்டது. கூகுளுக்கே அந்தக் கதி என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம். வெட்டாத அசல் பதிவு, எம்.பி.3 இரண்டையும் தேதி போட்ட போல்டரில் கம்ப்யூட்டரில் வையுங்கள். இன்னொரு காப்பி பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ வேறு வீட்டில் இருக்கட்டும். இண்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலும் இலவசமாக ஏற்றி வைக்கலாம்.

உரிமையும் அனுமதியும்

தொடக்கத்தில் சினிமாப் பாட்டு போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூடாது. அது பாட்டின் உரிமையாளருக்குச் சொந்தம். உங்கள் எபிசோடே நீக்கப்படலாம். கதை வாசிக்க விரும்பினால், எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த படைப்புகளையும் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியவற்றையும் தேர்ந்தெடுக்கலாம். உதாரணமாக, கல்கி 1954-ல் மறைந்தார்; அவர் எழுத்துக்கான 60 ஆண்டுக் கணக்கு 2014-ஓடு முடிந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் பழைய தமிழ் நூல்கள் பல இலவசமாகக் கிடைக்கின்றன.

பேட்டி என்றால் பேசுபவரின் அனுமதி முக்கியம். பதிவின் தொடக்கத்திலேயே தேதியைச் சொல்லி, 'இதை எல்லோரும் கேட்கும்படி போடலாமா?' என்று கேட்டு, அவர் பதிலையும் பதிவு செய்துகொள்ளுங்கள். முடித்த பிறகு போடும் முன் ஒருமுறை அவரையே கேட்க வையுங்கள். பெரியப்பா தான் யாரிடம் கூலிக்கு நெய்தார், என்ன பாக்கி என்றெல்லாம் வெள்ளந்தியாகப் பேசியிருந்தார். அந்த ஏழு நிமிடத்தையும் எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன். எபிசோடின் சுவையான பகுதி அதுதான். ஆனாலும் அவர் அந்த ஊரில்தானே இருக்க வேண்டும்?

எபிசோடு தொடங்கும்போது பாட்டுக்குப் பதிலாக அந்த 40 விநாடித் தறிச் சத்தத்தில் எட்டு விநாடியை வைத்தேன். முடிந்த பைலைப் போனில் போட்டுக் காட்டினேன். பெரியப்பா போனைக் காதோரம் வைத்துக்கொண்டு, தன் பேச்சு வரும் வரைகூடக் காத்திருக்காமல், முதல் எட்டு விநாடியிலேயே நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கு நாடா சரியா ஓடலப்பா. சத்தத்துலயே தெரியுது பாரு" என்றார்.